தீயின் முன் நிற்கும் கல்வி



முல்லைப் பெரியாற்றின் நீரால் நெல்லும் திராட்சையும் விளைகின்ற இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் நின்றுகொண்டு நெருப்பைப் பற்றிப் பேசுவது சிலருக்கு அசந்தர்ப்பமாகத் தோன்றலாம். ஆயினும், மாசி பங்குனி இரவுகளில் மேற்கு மலைச்சரிவில் தீ செம்மாலையாய் வளைந்து ஏறுவதைக் கண்டிராதவர் இந்தச் சபையில் எவரேனும் உண்டோ?

2018 மார்ச் 11 அன்று, சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கங்களிலிருந்தும் வந்து, கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் அத்தகைய தீயில் அகப்பட்டு, அவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் வந்தது பிற்பாடு. முதலில் ஓடிச் சென்று, காயமுற்றோரைத் தோளிலும் தூளியிலும் சுமந்து இறக்கியவர்கள் அந்த மலையடிவாரத்து ஜனங்களே. காய்ந்த புல் மண்டிய சரிவில், கீழே எழும் வெப்பம் மேலுள்ள புல்லை முன்னதாகவே உலர்த்திப் பக்குவப்படுத்திவிடுவதால், மேல்நோக்கி ஓடுகிறவனைத் தீ முந்திவிடும். பௌதிக ஆசிரியர் பத்து நிமிஷத்தில் விளக்கக்கூடிய இந்த உண்மை, நான் படித்த எந்தப் பாடத்திலும் இருந்ததில்லை.

இத்தகைய அறிவை இளமையிலேயே ஊட்ட வழி உண்டு. அமெரிக்காவில் பதினான்கு வயதிலிருந்தே பிள்ளைகளைத் தீயணைப்பு நிலையத்தோடு சேர்த்து, ஏணியும் குழாயும் முதலுதவியும் பழக்கி, இந்த உத்தியோகம் தமக்கு உகந்ததா என்று தாங்களே கண்டறியச் செய்யும் ஏற்பாடு ஒன்று உண்டு. நம்மிடம் சாரணர் இயக்கம் இருக்கிறது, தேசிய மாணவர் படை இருக்கிறது. போடியிலும் உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் தீயணைப்பு நிலையங்களும் இருக்கின்றன. இவற்றை இணைக்க மனம் ஒன்றே வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறிப் பதினெட்டு வயது நிரம்பியவர் சீருடைப் பணியாளர் தேர்வு எழுதித் தீயணைப்போர் ஆகலாம் என்ற செய்திகூட எட்டாத வீடுகள் நம் மலையோரக் கிராமங்களில் அநேகம்.

பெண்பிள்ளைகளுக்கு இந்த உத்தியோகம் ஆகுமா என்று கேட்போருக்கு, 2012 ஜனவரியில் சென்னையில் எழிலகம் என்ற அரசு அலுவலக வளாகத்தில் பற்றிய தீயினுள் புகுந்து பலத்த தீக்காயமுற்றும் பணிக்குத் திரும்பிய தீயணைப்பு அதிகாரி பிரியா ரவிச்சந்திரனின் வாழ்க்கையே பிரத்தியட்சமான பதில்.

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது உயிர் நீத்த தீயணைப்பு வீரர்களின் ஞாபகார்த்தமாக, ஆண்டுதோறும் அந்நாள் முதல் ஒரு வாரம் தேசமெங்கும் தீத்தொண்டு வாரம் அனுஷ்டிக்கப்படுகிறது. இன்று பட்டம் பெறும் இளைஞர்களே, யுவதிகளே, வருகிற ஏப்ரலில், நீங்கள் படித்த பள்ளிக்குச் சென்று, தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்று, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அருகிலுள்ள நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். நீர்க்குழாயை ஒருமுறை அவர்கள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.