படவீழ்த்திகள்: கோளரங்கம் முதல் இல்லம் வரை



சிறு படத்தைப் பெரிதாக்கிப் பலரும் ஒருங்கே காணச் செய்வது படவீழ்த்தி. டச்சு அறிவியலறிஞர் கிறித்தியான் ஹைகன்ஸ் 1659-ஆம் ஆண்டையொட்டி உருவாக்கிய மாய விளக்கு முதல் இன்றைய புரொஜெக்டர் வரை, ஒளி, படம், லென்ஸ், திரை என்னும் அடிப்படை மாறவில்லை.

இக்கருவி ஒளியை வீழ்த்தும்; கறுப்பை வீழ்த்தாது. திரையின் இருளே படத்தில் கறுப்பாகத் தோன்றுகிறது. ஆகவே அறையில் வெளிச்சம் புகுந்தால் படம் வெளிறிவிடும். மேலும், கருவிக்கும் திரைக்கும் இடையேயுள்ள தொலைவை இருமடங்காக்கினால் படத்தின் பரப்பு நான்கு மடங்காகும். வெளிச்சமோ நான்கில் ஒரு பங்காகக் குறையும். இவ்விரு விதிகளுக்கும் ஏற்பவே பல வகைப் படவீழ்த்திகள் தோன்றின.

முழு இருளைப் பயன்கொள்வது கோளரங்கம். ஜெர்மனியின் செய்ஸ் நிறுவனம் அமைத்த கருவி, 1923-இல் மியூனிக் நகரில் குவிமாடத்தில் விண்மீன்களைக் காட்டியது. நம் நாட்டில் கல்கத்தாவின் பிர்லா கோளரங்கம் 1962-லும், பம்பாயின் நேரு கோளரங்கம் 1977-லும் திறக்கப்பெற்றன.

திரையரங்கில் 35 மி.மீ. படச்சுருள் நொடிக்கு 24 படங்களாக ஓடிற்று. தொடக்கக் காலச் சுருள் எளிதில் தீப்பற்றக் கூடியது. எனவே தனி அறை தேவைப்பட்டது. 1923-இல் வந்த 16 மி.மீ. சுருள் தீப்பற்றா வகையைச் சார்ந்தது. கருவியும் எடை குறைந்தது. ஆதலால் அரசின் விளம்பர ஊர்திகள் அதனைச் சிற்றூர்களுக்குக் கொண்டு சென்றன. அங்கே இரவே திரையரங்காயிற்று. அதற்கு முன்பே, 1905-ஆம் ஆண்டு முதல், திருச்சி இரயில்வே ஊழியரான சாமிக்கண்ணு வின்சென்ட் படவீழ்த்தியுடன் ஊர் ஊராகச் சென்று படம் காட்டியுள்ளார்.

வகுப்பறையின் தேவை வேறு. நூலின் பக்கத்தையே திரையில் காட்டும் எபிடயாஸ்கோப்புக்கு நல்ல இருள் வேண்டும். ஓவர்ஹெட் புரொஜெக்டரோ வெளிச்சமுள்ள அறையிலும் பயன்பட்டது. ஆசிரியர் மாணவர்களைப் பார்த்தவாறே எழுதிக்காட்ட முடிந்தது. இல்லங்களில் ஸ்லைடுகளும், 1965-இல் வந்த சூப்பர் 8 சுருளும் இடம்பெற்றன. 1987-இல் லாரி ஹார்ன்பெக் உருவாக்கிய நுண்ணாடிச் சில்லு, படச்சுருளே இல்லாத இலக்கக் கருவிகளுக்கு வழிகோலியது.

பள்ளிக்குக் கருவி வாங்கும் அலுவலர் விலையை மட்டும் நோக்குதல் போதாது. இரவில் இல்லத்தில் தெளிவாகத் தெரியும் கருவி, பகலில் சன்னல்கள் திறந்த வகுப்பறையில் பயனற்றுப் போகலாம். பார்ப்போர் எத்தனை பேர், அறை எவ்வளவு இருளும், மின்சாரம் தடையின்றி வருமா, விளக்கு பழுதானால் மாற்று கிடைக்குமா என்பவற்றை முதலில் ஆராய்தல் வேண்டும். கருவிக்கு ஒதுக்கும் தொகையில் சன்னல் திரைச்சீலைக்கும், ஆசிரியர் பயிற்சிக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட வேண்டும். அது இல்லையேல், மாணவருக்காக வாங்கிய கருவி அலமாரியிலேயே தங்கிவிடும்.