கல்லில் நின்ற பெயரும் கைப்பேசியில் மறைந்த பெயரும்

(மாமல்லபுரத்தில் கற்சிற்பத் தொழில் பயிலும் இளைஞரிடையே ஆற்றிய பொழிவு)



உளி பிடிக்கும் கைகளின் முன்னே, சுண்ணக்கட்டி பிடித்துப் பழகிய கையோடு நிற்கின்றேன். செதுக்கும் வகையை உங்களுக்குக் கற்பிக்கும் தகுதி எனக்கில்லை. செதுக்கியவன் தன் பெயரை இழந்துவிடலாகாது என்று சொல்லவே வந்தேன்.

இவ்வூரை அடுத்துள்ள பூஞ்சேரிக்குச் சென்றிருக்கின்றீர்களா? அங்குள்ள பாறையில் கேவாத பெருந்தச்சன், குணமல்லன், பய்யமிழிப்பான், சாதமுக்கியன், கலியாணி எனப் பல பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவை பல்லவர் காலக் கற்றச்சர்தம் பெயர்கள் எனக் கல்வெட்டறிஞர் கூறுவர். தருமராசன் தேரில் மன்னன் தன் பட்டப்பெயர்களைப் பொறித்தான். உழைத்தவர்களோ ஊர்ப்புறத்துப் பாறையில் தம் பெயர்களை எழுதி வைத்தார்கள். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகியும் அவை அழியவில்லை.

இன்றைய நிலை என்ன? என்பால் பயின்ற மாணவன் ஒருவன் மூன்றடி உயரத்தில் வள்ளுவர் படிமை ஒன்றைச் செதுக்கிக் கடையொன்றிற்கு விற்றான். சில நாளில் அதன் படம், இன்சுடாகிராம் என வழங்கும் படவரியில் வந்தது. அயல்நாட்டார் பலர் பாராட்டினர், விலை கேட்டனர். படத்தின் கீழே கடையின் பெயர் இருந்தது. தொலைபேசி எண் இருந்தது. எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. செய்தவன் பெயர் மட்டும் இல்லை! "ஐயா, இது என் கை செய்தது" என்று என்னிடம் காட்டி நின்றான். "நீ எடுத்த படம் ஏதேனும் உண்டா?" என்று கேட்டேன். ஒன்றுகூட இல்லை. குறை அவனுடையது மட்டுமன்று. வகுப்பில் கைப்பேசியைக் கண்டாலே சினந்து பறித்து வைத்தவன் நான். அதனை அறிவோடு ஆளக் கற்பிக்கவில்லை.

2015இல் உலகக் கைவினை மன்றம் மாமல்லபுரத்தைக் கற்சிற்ப நகரமென்று அறிவித்தது. 2017இல் இவ்வூர்க் கற்சிற்பம் புவிசார் குறியீடும் பெற்றது. மகிழ்ச்சியே! ஆயினும் அக்குறியீடு காப்பது ஊரின் பெயரை. உங்கள் பெயரை நீங்களே காத்துக்கொள்ள வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் சிற்பத்தையும் கலைப்படைப்பாகவே கொள்கின்றது. படிமையை விற்றுவிட்டாலும் 'இதனை ஆக்கியோன் யான்' என்று சொல்லும் உரிமை ஆக்கியோனை விட்டு நீங்காது. ஆனால் உரிமையை நாட்டச் சான்று வேண்டுமே!

ஆகவே, கல்லைத் தேர்ந்த நாள்தொட்டே படம் எடுங்கள். செங்காவிக் கோடிட்ட கல், பாதி திறந்த முகம், முற்றிய படிமை என ஒவ்வொரு நிலையையும் எடுங்கள். அவை சான்றுமாகும், காண்போரை ஈர்க்கும் கதையுமாகும். உச்சிவெயிலில் எடுக்காதீர்கள், செதுக்கின் ஆழம் தெரியாது. காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் ஒளியே சிற்பத்தின் உயிரைக் காட்டும். கருங்கல்லின் பின்னே வெண்டுணி கட்டாதீர்கள். கைப்பேசி கல்லை மேலும் இருளாக்கிவிடும். அளவு விளங்க அருகில் ஓர் உளியை வையுங்கள்.

படத்தின் கீழே எழுதுவதே தலையாய பணி. முதலில் உங்கள் பெயர். அடுத்து ஊர், கல்லின் வகை, உயரம், எடை, உழைத்த நாள்கள். இவற்றைத் தமிழில் எழுதுங்கள். அயலார்க்கென ஆங்கிலமும் அதன்கீழ் வரட்டும். ஆசுடேக்கு எனப்படும் குறிச்சொல்லும் தமிழில் அமையும். 'மாமல்லபுரம்', 'கற்சிற்பம்' என்று தமிழில் தேடுவான் ஒருவன், தமிழன் செதுக்கிய கல்லைக் காண வேண்டாவா? கடைக்கு விற்கும்போதும், படம் வெளியிட்டால் சிற்பியின் பெயரும் இடம்பெற வேண்டும் என எழுதி வாங்குங்கள்.

ஓர் எச்சரிக்கை! படவரி 2010இல் தோன்றியது. அயல்நாட்டு நிறுவனத்தின் உடைமை. அங்கே நாம் குடிக்கூலியின்றி இருக்கும் குடியினர். எந்நாளும் கதவு சாத்தப்படலாம். எனவே மூலப்படங்களை வேறோரிடத்தும் சேமித்து வையுங்கள். விருப்பக்குறிகளின் எண்ணிக்கையைக் கொண்டு உங்கள் கலையை அளவிடாதீர்கள். விரைந்து விரும்பப்படுவதற்காக உளியை விரைவுபடுத்தாதீர்கள்.

அம்மாணவன் இப்போது அடுத்த கல்லைத் தொடங்கியிருக்கின்றான். கோடிட்ட அன்றே படமெடுத்து, கீழே தன் பெயரைத் தமிழில் எழுதி எனக்கு அனுப்பினான். குணமல்லனுக்குப் பாறை கிடைத்தது. உங்களுக்குக் கைப்பேசி கிடைத்திருக்கின்றது. பெயரை எழுதுங்கள்!