தீயில் வாட்டிய மூங்கில்

விழுப்புரம், திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் கூடையும் முறமும் முடைந்து, ஏணியும் தட்டியும் கட்டிப் பிழைக்கும் தொழிலாளிகளுக்குத் தணல் என்பது ஒரு முக்கியமான கருவி. கோணலான கழியை அதன்மேல் திருப்பித் திருப்பிக் காட்டி, இளகிய தருணம் பார்த்து அழுத்தி நிமிர்த்துவார்கள். இப்படி வாட்டுவதால் கழி நேராவது கண்கூடு. அதன் ஆயுளும் நீளுமா என்பதே இன்று நாம் விசாரிக்கப்போகும் விஷயம்.

மூங்கில் மரமன்று, புல் ஜாதி. வைரம் பாய்ந்த மரங்களுக்குப் பூச்சியையும் பூஞ்சையையும் விரட்டும் சத்துக்கள் இயற்கையிலேயே அமைந்திருக்க, மூங்கிலின் உட்புறமோ மாவுச்சத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு, துளைக்கும் வண்டுகளை விருந்துக்கு அழைப்பதுபோல் நிற்கிறது. பக்குவம் செய்யாத கழி மண்ணில் ஊன்றினால் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளிலும், கூரையின் கீழ் நனையாமல் இருந்தால் நான்கு முதல் ஏழு ஆண்டுகளிலும் உளுத்துப்போகும் என்பது பொதுவான கணக்கு.

மிதமான உஷ்ணம் ஈரத்தைப் போக்கி, உள்ளிருக்கும் புழுவையும் கொல்லுமாயினும், மாவுச்சத்து எஞ்சியிருக்கும்வரை புதிய வண்டு வருவதைத் தடுக்க அதற்குச் சக்தியில்லை. ஆகவேதான் வெட்டிய கழிகளை ஏரியிலோ குளத்திலோ சில வாரங்கள் ஊறப்போட்டு, அந்தச் சத்தைக் கரையவிட்டு, பிறகு உலர்த்தும் சம்பிரதாயம் ஏற்பட்டது; ஏரிகள் மலிந்த இப்பிரதேசத்தில் அதற்குத் தனியாகச் செலவேதும் இல்லை. உஷ்ணம் 150 முதல் 200 டிகிரி வரை ஏறும்போதோ நிலைமை வேறு: நாரைப் பிணைத்து நிற்கும் பொருள்களில் நீரை ஈர்ப்பவை சிதைந்துபோக, மூங்கில் காப்பிக்கொட்டையின் நிறம் பெற்று, ஈரம் உறிஞ்சும் ஸ்வபாவத்தை வெகுவாக இழந்து, பூஞ்சைக்கும் எளிதில் இடங்கொடாததாகிறது. இதைத் திறந்த நெருப்பில் செய்தால் கழி கருகிவிடும். காற்றுப் புகாத அறையிலோ, நீராவியிலோ, கொதிக்கும் எண்ணெயிலோதான் சாத்தியம். கணுக்களை முன்னதாகத் துளைத்துவிடுவதும் அவசியம். இல்லாவிடில் உள்ளே அடைபட்ட காற்றும் ஆவியும் கழியை வேட்டுச் சத்தத்துடன் பிளந்துவிடும்.

ஜப்பானில் பழைய வீடுகளின் அடுப்பங்கரைக் கூரையில் தலைமுறை தலைமுறையாகப் புகையுண்டு கருஞ்சிவப்பேறிய மூங்கிலை, வீடு பிரிக்கும்போது பத்திரமாக எடுத்து அதிக விலைக்கு விற்கிறார்கள். நம் கீற்றுக் கூரைச் சமையலறைகளிலும் புகை இதே காரியத்தைச் செய்துவந்தது. எரிவாயு வந்தபின் அந்தப் புகை போயிற்று. பெண்களின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் அது பெரிய க்ஷேமமாதலால், மூங்கிலின் பொருட்டு நாம் வருந்த வேண்டியதில்லை.

வானூர் வட்டத்து ஆரோவில்லில் மூங்கில் கட்டுமானத்துக்கென்றே இயங்கும் மையத்தினர் வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த நீரில் மூங்கிலைப் பதப்படுத்துகிறார்கள். வண்டுக்கு எதிராக இது நம்பகமான முறை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் நேரே நனையும் இடங்களில் அந்த உப்பு சிறுகச் சிறுகக் கரைந்துபோகும். உஷ்ணம் உண்டாக்கிய மாறுதலோ மழையில் கரைவதில்லை. எனினும், கரையானுக்கு அது முழுக் காப்பு அன்று; எந்த முறையில் பக்குவம் செய்த காலானாலும் மண்ணில் புதைக்காமல் கல்லின்மேல் நிறுத்துவதே உசிதம்.

கடுஞ்சூடு கண்ட மூங்கில் நெகிழ்வை இழந்து எளிதில் முறியும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நாற்காலிக்கும் சுவர்த் தட்டிக்கும் அது பொருந்தலாம். ஆள் ஏறும் ஏணிக்கு, நீரில் ஊறவைத்து, நிமிரும் அளவுக்கு மட்டும் வாட்டிய கழியே தக்கது.