அரைகுறையாக நிற்கும் பழைய காரை என்ன செய்வது?

(நம் குடியிருப்போர் சங்கத்தின் காலாண்டுச் சந்திப்பில் பி பிளாக் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

பேஸ்மென்டில் நாலு வருஷமாகச் சாம்பல் நிறத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த கார் என்னுடையதுதான். அதைப் பார்த்து முகம் சுளித்தவர்களிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். போன மாதம் அது போய்விட்டது. அதை எப்படி விற்றேன் என்று சொல்லும்படி செயலாளர் கேட்டார். இங்கே தார்ப்பாய்க்குள் நிற்கும் வண்டிகள் இன்னும் மூன்று இருக்கின்றன. அதனால்தான் சொல்ல வந்தேன்.

அது 1970 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நம்ம மெட்ராஸிலேயே தயாரான வண்டி. நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும்தான் வந்தது. அப்பா எனக்குக் கொடுத்தது. அவர் இருக்கும்போதே பிரித்து வேலையை ஆரம்பித்தேன். பாதியில் அவர் போய்விட்டார். அதன்பிறகு ஸ்பேனரைக் கையில் எடுக்கவே மனம் வரவில்லை.

பார்க்கிங் தரைக்குப் புதிதாகப் பெயின்ட் அடிக்க வேண்டும், வண்டியை எடுங்கள் என்று சங்கத்தின் நோட்டீஸ் வந்தபோதுதான் உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு நாலு வழி தெரிந்தது.

முதலாவது, வேலையை முடித்து விற்பது. அதுவரை 2,80,000 ரூபாய் செலவாகியிருந்தது. டிங்கரிங், பெயின்டிங், சீட், ஒயரிங் எல்லாம் முடிக்க இன்னும் 3,00,000 ஆகும் என்றார் மெக்கானிக். அதே மாதிரி நன்றாக ஓடும் ஹெரால்டு ஒன்று 3,50,000-க்குப் போயிருந்தது. அப்படியானால் இன்னும் ஒரு வருஷம் அலைந்தால் எனக்கு மிஞ்சுவது 50,000. பழைய வண்டியில் மெக்கானிக் சொன்ன தொகைக்குள் வேலை முடிந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். ‘போட்ட காசை எடுக்கணும்’ என்று மேலும் மேலும் போடுகிறோம். போட்டது போட்டதுதான். இனி போடப்போவது எவ்வளவு, அதற்கு வரப்போவது எவ்வளவு என்று மட்டும் பாருங்கள்.

இரண்டாவது, பாகம் பாகமாக விற்பது. ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ். பாடியை போல்ட் கழற்றியே பிரித்துவிடலாம். பானெட், கிரில், மீட்டர் எல்லாம் ஒரு வாரத்தில் போய்விடும். மிச்சமிருக்கும் துருப்பிடித்த கூடு உங்கள் தலையில்தான்.

மூன்றாவது, காயலான் கடை. அங்கே எடைக்குத்தான் விலை. உண்மையிலேயே தேறாத வண்டி என்றால் அரசிடம் பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்து, சான்றிதழ் வாங்கி, ஆர்.டி.ஓ.வில் பதிவை ரத்து செய்யுங்கள். நம்பர் பிளேட்டோடு யாரிடமும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

நாலாவது, இருப்பதை இருக்கிறபடியே முழுசாக விற்பது. நான் செய்தது இதுதான்.

‘ஆம்னி எஞ்சினைப் போட்டு ஓட்டிக் காட்டிடலாம் சார், சீக்கிரம் வித்துடும்’ என்றார் ஒருவர். வேண்டாம் என்றேன். எஞ்சின் மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். அதோடு, 50 வருஷம் தாண்டி அசல் வடிவில் இருக்கும் வண்டிகளை வின்டேஜ் என்று பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. வாங்குகிறவர் அந்த அசலைத்தான் தேடுவார்.

அதற்குள் பேப்பரைச் சரிசெய்தேன். ஆர்.சி. அப்பா பெயரில். வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்து என் பெயருக்கு மாற்றினேன். தங்கையிடம் சம்மதக் கடிதமும் வாங்கினேன். வண்டியைப் பிரிப்பதற்குச் சற்று முன்பு அப்பா ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்து வைத்த ஆர்.சி.க்கு இன்னும் ஆறு மாதம் உயிர் இருந்தது. அது காலாவதியாகியிருந்தால், பிரித்துப் போட்ட வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோய் நிறுத்தியிருக்க முடியாது. உங்கள் ஆர்.சி.யின் தேதியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமை. ஒவ்வொரு நட்டையும் கவரில் போட்டு, எந்த இடத்துக்கானது என்று எழுதினேன். சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தேன். நாலு சக்கரத்தையும் மாட்டிக் காற்றடித்தேன். தள்ளினால் நகரும் வண்டிக்கும் நகராத வண்டிக்கும் விலையில் நிறைய வித்தியாசம். துருப்பிடித்த இடங்களைத்தான் முதலில் போட்டோ எடுத்தேன். ‘எஞ்சின் கையால் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. பின்கதவுக் கண்ணாடி ஹேண்டில் ஒன்று தொலைந்துவிட்டது’ என்று பட்டியலில் எழுதினேன்.

அந்தப் பட்டியல்தான் விற்றுக் கொடுத்தது. ஏற்கெனவே ஒரு ஹெரால்டு வைத்திருக்கும் ஒருவர் ஓசூரிலிருந்து வந்தார். பட்டியலை வரிவரியாகச் சரிபார்த்தார். 1,10,000 கொடுத்தார். முடித்து விற்றால் மிஞ்சும் என்று கணக்குப் போட்ட 50,000-ஐவிட இது இரண்டு மடங்குக்கும் மேல். பணம் வந்த அன்றே படிவம் 29, 30-இல் கையெழுத்திட்டோம். பெயர் மாறும்வரை சட்டப்படி நீங்கள்தான் உரிமையாளர். அதனால் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விடாதீர்கள்.

அம்மாவிடம் சொல்லத்தான் எனக்குப் பயம். அவர் ஒன்றுதான் கேட்டார்: “அவர்கிட்ட போனா ஓடுமாப்பா?” ஓடும்மா என்றேன். “அப்ப குடுத்துடு.”

தார்ப்பாய்க்குள் வண்டி வைத்திருப்பவர்களே, நீங்களே முடிக்கப்போகிறீர்கள் என்றால் ஒரு தேதி குறியுங்கள். குறிக்க முடியவில்லையா, முடிக்கக்கூடியவரிடம் கொடுத்துவிடுங்கள். பாகங்களுக்குப் பட்டியல் எழுத ஆள் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வருகிறேன்.