விடுதி வாசலில் ஒரு புதுமுகம்



க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் தேறிப் பல்கலைக்கழக அனுமதிக் கடிதமும் கைக்கு வந்துவிட்டால் வீட்டில் கொண்டாட்டந்தான். கோயிலில் அர்ச்சனை, அயலவருக்குப் பலகாரம், புதிதாக ஒரு சூட்கேஸ். ஆனால், அந்தச் சூட்கேஸோடு விடுதி வாசலிற் போய் இறங்கும் பிள்ளையின் மனம் என்ன பாடுபடும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பது குறைவு.

முதலாவது சிரமம் மொழி. எமது பிள்ளைகளிற் பெரும்பாலோர் பாடசாலையில் தாய்மொழியிற் கற்பவர்கள். 1960ஆம் ஆண்டிலிருந்து பல்கலைக்கழகக் கலைப்பாடங்களும் சிங்களத்திலும் தமிழிலும் போதிக்கப்படலாயின. மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்திலேயே நிலைத்துவிட்டன. 'உந்தம்', 'ஆர்முடுகல்' என்றெல்லாம் எழுதித் திறமைச் சித்தி பெற்ற மாணவன், விரிவுரை மண்டபத்தில் அதே பொருளை வேறு பெயரிற் கேட்டுத் திகைத்து நிற்கிறான். தனக்கு ஒன்றுமே தெரியாது என்று கருதிவிடுகிறான். உண்மையில் அவனுக்குப் பொருள் தெரியும், பெயர்தான் மாறியிருக்கிறது. ஒரு கொப்பியில் இரு நிரல்கள் கீறி, தமிழ்ச் சொல்லையும் அதற்கு நேரே ஆங்கிலச் சொல்லையும் அன்றன்றே எழுதி வந்தால், சில மாதங்களில் அந்தத் திகைப்புத் தெளியும்.

இரண்டாவது சிரமம், கேட்பாரில்லாத சுதந்திரம். ரியூட்டரியில் ஆசிரியர் நோட்ஸ் சொல்லச் சொல்ல எழுதியே பழகிய கை, நூலகத்தில் தானாகத் தேடிப் படிக்கத் தயங்குகிறது. விரிவுரைக்குப் போகாவிட்டாலும் அம்மா ஏசமாட்டா. பரீட்சை நெருங்கும்போதுதான் பலருக்குக் கண் திறக்கிறது.

இவை இரண்டும் காலத்தால் ஆறக்கூடியவை. மூன்றாவது அப்படியன்று. அது பகிடிவதை.

பெயரிலே பகிடி இருக்கிறது. செயலில் இருப்பது வதை மட்டுமே. 1975இல் பேராதனையில் ஒரு மாணவி, பகிடிவதைக்குத் தப்ப விடுதி மாடியிலிருந்து குதித்து நடமாடும் சக்தியை இழந்தார். 1997இல் அங்கேயே பொறியியற்பீட மாணவர் ஒருவர், வதையினால் சிறுநீரகம் செயலிழந்து உயிர்நீத்தார். அதற்கடுத்த ஆண்டு, 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதை செய்தவருக்கு 2 ஆண்டு வரை சிறை; பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ விளைவித்தவருக்கு 10 ஆண்டு வரை. சட்டம் இருந்தும் வதை ஒழிந்தபாடில்லை.

"ஏழை, பணக்காரன் என்ற பேதத்தைப் போக்கவே இப்படிச் செய்கிறோம்" என்பார்கள் சிரேஷ்ட மாணவர்கள். அவமானத்தை எல்லோருக்கும் பொதுவாகப் பங்கிடுவது சமத்துவமாகுமா? "நாங்களும் பட்டோம், நீங்களும் படுங்கள்" என்பது பழிவாங்கல். அதுவும் தீங்கு செய்தவனை விட்டுவிட்டு, ஒன்றுமறியாத அடுத்தவனைப் பழிவாங்குவது. தன் பழைய நோட்ஸைக் கொடுத்து, நூலகத்துக்கு வழிகாட்டி, "தம்பி, சாப்பிட்டாயா?" என்று கேட்கும் அண்ணனுக்கு மரியாதை தானாகவே வரும்.

நேயர்களே, விடுதி அறை இன்னொரு வாய்ப்பையும் தருகிறது. யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் மாத்தறைப் பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் உறங்க நேரும் இடங்கள் இந்நாட்டில் மிகச் சில. மற்றவர் மொழி தெரியாத இருவர், பாதி ஆங்கிலமும் மீதி கைச்சாடையுமாகப் பேசத் தொடங்குகிறார்கள். வருட முடிவில் ஒருவன் சிங்களத்தில் தேநீர் கேட்பான். மற்றவன் தமிழிற் சுகம் விசாரிப்பான். பாடத்திட்டத்தில் இல்லாத இந்தக் கல்வியைப் பயம் நிறைந்த விடுதியிற் பெற முடியாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. தொலைபேசியிற் பேசும்போது "படிக்கிறாயா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "யாரோடு இருக்கிறாய்? நித்திரை வருகிறதா?" என்றும் கேளுங்கள். பிள்ளை பதில் சொல்லத் தயங்கினால், அந்தத் தயக்கத்தைக் கவனியுங்கள்.