உலு யாம் வழியே பழைய சாலை

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கோலாலம்பூரிலிருந்து வடக்கே கிளம்பும் கார்களில் பெரும்பாலானவை வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறி, தாப்பா ஓய்வுத்தலத்தில்தான் மூச்சு விடுகின்றன. சொந்த வண்டி, சொந்த நேரம், ஏன் என்று கேட்க ஆளில்லை. ஆனாலும் அந்தச் சுதந்திரத்தின் பாதியை டோல் வாசலிலேயே ஒப்படைத்துவிட்டுப் போகிறோம். நெடுஞ்சாலையில் நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்த முடியாது. அவசரத் தடத்தில் காரணமில்லாமல் ஒதுங்கினால் சம்மன்தான். சுற்றுலா நிறுவனத்தின் பேருந்தில் போகிறவருக்காவது வழிகாட்டி இரண்டு இடங்களில் இறக்கிக் காட்டுவார். தனியாகக் கிளம்பியவர் எங்கும் நிற்காமல் போய்ச் சேர்ந்தால் அந்தப் பயணத்தில் அவருக்கு என்ன மிச்சம்? வட சிலாங்கூரைப் பழைய சாலையில், நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அதைத் தொடங்க உலு யாமைவிடப் பொருத்தமான ஊர் இல்லை.

தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு வந்து போகிற லட்சக்கணக்கானவர்களில், அந்தக் குன்றுக்குப் பின்னால் ஒரு சாலை வடக்கே காட்டுக்குள் ஏறிப் போவதைக் கவனிப்பவர்கள் குறைவு. பத்து அணைக்கட்டின் நீர்ப்பரப்பு ஒரு பக்கம் தெரிய, சாலை வளைந்து வளைந்து ஏறி, சுங்கை துவா வனப்பகுதியைக் கடந்து உலு யாமில் இறங்குகிறது. வார இறுதிகளில் விடியற்காலையிலேயே சைக்கிளோட்டிகள் அதை நிறைத்துவிடுவார்கள். உலு யாம் பழையது, புதியது என இரண்டாகக் கிடக்கும் சிற்றூர். தலைநகரத்துக்காரர்கள் இங்கே வருவது பெரும்பாலும் லோ மீ சாப்பிடத்தான். தடித்த மீயைக் கருத்த, கொழகொழத்த குழம்பில் புரட்டித் தருவார்கள். பூண்டும் கறுப்புக் காடியும் மேலே விட்டுக்கொள்ள வேண்டும். சாப்பிட்டதும் சுங்கை செண்டாட் அருவியில் ஒரு முழுக்கு, பிறகு வீடு. வருகிறவர்களில் பலருக்கு ஊர் அத்தோடு முடிந்துவிடுகிறது.

ஆனால் புதிய ஊரான உலு யாம் பாருவில் ஒரு சீனர் இடுகாடு இருக்கிறது. அவசரகாலம் அறிவிக்கப்பட்ட 1948ஆம் ஆண்டின் டிசம்பரில், பத்தாங் காலி அருகே ஒரு ரப்பர் தோட்டத்துக்குள் பிரிட்டிஷ் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் புகுந்தார்கள். ஆயுதம் எதுவுமில்லாத 24 ஆண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தப்பியோட முயன்றதால் சுட்டோம் என்று படைத்தரப்பு சொன்னது. 1970இல் அந்தப் படையிலிருந்தவர்களில் சிலரே பிரிட்டிஷ் செய்தித்தாள் ஒன்றில் வேறு கதை சொன்னார்கள். குடும்பத்தார் லண்டன் வரை வழக்காடியும், 2015 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பொது விசாரணைக்கு உத்தரவிட மறுத்துவிட்டது. அந்த மனிதர்களின் கல்லறைகள் இந்த இடுகாட்டில்தான். பால்மரம் வெட்டிப் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். மொழி வேறானாலும் அவர்களும் அதே பிழைப்புக்காரர்கள். பிரேசர் மலைச் சாலையில் 1951இல் சுட்டுக் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கர்னியைப் பள்ளிப் பாடம் சொல்லித் தருகிறது. இந்த 24 பேருக்காக நாமே வண்டியை நிறுத்தினால்தான் உண்டு.

“அங்கே பார்க்க என்ன இருக்கிறது? செம்பனைதானே!” என்று நம் வீடுகளில் சொல்வார்கள். சரி, அந்தச் செம்பனையையே எடுத்துக்கொள்வோம். மேற்கே பெஸ்தாரி ஜெயா, பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தை. அதன் வட்டாரத்தில் உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் நாட்டிலேயே முதன்முதலாகச் செம்பனை வணிகப் பயிராக நடப்பட்டது. தோட்டத்துக்குப் பெயர் தமிழ். நட்டவர் ஆன்றி ஃபொகோனியே என்ற பிரெஞ்சுத் துரை. இதே மண்ணில் வாழ்ந்த வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய ‘மலேசி’ நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. அந்தக் கதையில் தமிழ்க் கூலிகளும் வருகிறார்கள். இன்று உலகச் சந்தையில் மலேசியாவுக்குப் பெயர் வாங்கித் தந்த ஒரு பயிரின் தொடக்கம் கோல சிலாங்கூர் மாவட்டத்தின் இந்த மூலையில் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு போகிறவருக்கு அந்த மரங்கள் வேறு மாதிரி தெரியும். குலைகளை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி வளைவில் சாயும்போது உதிரிப்பழங்கள் தாரில் விழுந்து நசுங்கி ஆரஞ்சுக் கறையாகக் கிடக்கும். ஆலை நெருங்கினால் வேகவைத்த எண்ணெய் வாடை கண்ணாடியை ஏற்றினாலும் உள்ளே வரும். கோலாலம்பூரின் குப்பை 2005 முதல் போய்ச் சேர்வதும் இந்த வட்டாரத்துப் புக்கிட் தாகாருக்குத்தான். சுற்றுலாக் கையேட்டில் அதைப் போட மாட்டார்கள். பயணிக்குத் தெரிந்திருப்பது நல்லது.

“இந்தச் செலவுக்கு வெளிநாடே போய்விடலாமே, மலிவு விமானம் இருக்கிறதே” என்பது அடுத்த கேள்வி. போகலாம், தப்பில்லை. ஆனால் போகிற இடத்தில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். அமெரிக்காவில் சிக்காகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் போகும் 66ஆம் எண் சாலை 1926இல் வந்தது. புதிய விரைவுச்சாலைகள் வந்தபின் 1985இல் அதை அரசுப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அப்படி ஒதுக்கப்பட்ட சாலையில் ஓட்டுவதற்காகவே உலகெங்குமிருந்து ஆட்கள் வந்து கார் வாடகைக்கு எடுக்கிறார்கள். அதற்குச் சற்றும் குறையாத சாலை நம்மிடம் இருக்கிறது. ரவாங், செரண்டா, பத்தாங் காலி, ராசா, கோலகுபு பாரு, கெர்லிங், கலும்பாங், தஞ்சோங் மாலிம் என்று ஊர் ஊராகத் தொட்டுப் போகும் முதலாம் எண் கூட்டரசுச் சாலை அது. பழைய கோலகுபுவில் 1883இல் அணை உடைந்து வெள்ளைக்கார அதிகாரி செசில் ராங்கிங்கோடு ஊர்மக்கள் பலரையும் அடித்துக்கொண்டு போனது. ஈயச் சுரங்க மண் ஆற்றை நிரப்பி வெள்ளம் திரும்பத் திரும்ப வந்ததால், பிறகு ஊரையே பெயர்த்துத் தோட்ட நகரமாகத் திட்டமிட்டு மேட்டில் கோலகுபு பாருவாக அமைத்தார்கள். ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் அந்த ஊரைச் சுற்றி வந்துவிடலாம்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. தோட்டத்து மக்களின் வறுமை என்ன வேடிக்கைப் பொருளா, கேமராவோடு போய் நிற்பதற்கு? நியாயமான கேள்வி. லயத்து வாசலில் நின்று படம் எடுக்கிற பயணத்தை நானும் ஆதரிக்க மாட்டேன். தோட்டம் தனியார் சொத்து. காவலர் தடுத்தால் திரும்பிவிட வேண்டும். தவிர, அந்த லயங்களில் இன்று பெரும்பாலும் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும் நேப்பாளிகளும் இருக்கிறார்கள். நம்மவர்கள் எப்போதோ பட்டணத்துப் புறநகர்களுக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருப்பவை கோயிலும் பள்ளியும். கெர்லிங் தோட்டத் தமிழ்ப்பள்ளி, நைஜல் கார்ட்னர் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று தோட்டத்தின் பெயரைப் பள்ளிகள்தான் சுமக்கின்றன. கோயிலில் ஓர் அர்ச்சனை, ஒட்டுக்கடையில் ஒரு பசியாறல், கடைக்காரப் பெரியவரிடம் நாலு வார்த்தை. இதில் யாருக்கும் அவமானமில்லை, கடைக்கு வியாபாரமும் ஆகும்.

ஆபத்து இல்லையா என்றால், இருக்கிறது. பத்தாங் காலியிலிருந்து கெந்திங் ஏறும் சாலையோரத்தில், உரிமமில்லாமல் நடந்த முகாம் தளத்தின் மேல் 2022 டிசம்பர் 16 விடியற்காலையில் மலை சரிந்தது. கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்த குடும்பங்களில் 31 பேர் மாண்டார்கள். நிறுத்தும் உரிமை வேண்டும் என்று வாதாடுகிறவன் எங்கே நிறுத்தக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் செங்குத்துச் சரிவின் அடியில் தங்காதீர்கள். உலு யாம் ஆறுகளில் குளிக்கும்போது வெயிலடித்தாலும் மேலே மலையில் கருத்திருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் திடீரெனக் கலங்கி இலைதழையோடு வந்தால் அது கெப்பாலா ஆயேர் எனும் திடீர் நீர்ப்பெருக்கு. சாமானை விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையேறுங்கள்.

இந்த மலைத் தண்ணீரெல்லாம் பத்தாங் காலி ஆறு போன்ற கிளையாறுகள் வழியே சிலாங்கூர் ஆற்றில் கலந்து, பெஸ்தாரி ஜெயாவைத் தாண்டிக் கோல சிலாங்கூரில் கடலைத் தொடுகிறது. ஆகவே பயணத்தையும் ஆற்றோடே மேற்கே விடலாம். வழியில் புக்கிட் ரோத்தானில் 51 சக்தி பீடங்களைச் சிற்பமாக வடித்த ஸ்ரீ சக்தி தேவஸ்தானம். பொழுது சாய்ந்தபின் கம்போங் குவாந்தானில் துடுப்புப் படகேறினால், பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னும். அவற்றின் புழுக்கள் ஆற்றங்கரை ஈரத்தில் நத்தையைத் தின்று வளர்பவை. கரையைச் செம்பனைக்காக வெட்டினாலோ மேலே ஆற்றுநீர் மாறினாலோ முதலில் அடிபடுவது அவைதான். முழுநிலா நாளையும் மழை நாளையும் தவிர்த்துவிட்டுப் போங்கள். படகில் கேமரா வெளிச்சம் போடாதீர்கள். காலையில் பத்துமலையிலிருந்து சீக்கிரம் கிளம்பினால் இவ்வளவும் ஒரே நாளில் முடியும். அடுத்த விடுமுறையில் ஒருமுறையாவது டோல் வாசலுக்குத் திரும்பாமல் உலு யாம் சாலையில் ஏறுங்கள், நேயர்களே.