தூசிக்குக் கூலி கிடையாது

கல்குவாரிக்கும் கிரஷருக்கும் எந்தத் தெருவிலிருந்து ஆள் போகிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே நம்ம ஜனங்க மூச்சில் என்ன போகிறது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

பாறையில் சிலிக்கா இருக்கிறது. துளை போடும்போதும் அரைக்கும்போதும் அது கண்ணுக்குத் தெரியாத பொடியாகப் பறந்து நுரையீரலின் அடியில் தங்குகிறது. அங்கே தழும்பு விழுகிறது. தழும்பு விழுந்த நுரையீரல் சரியாக விரியாது. இதுதான் சிலிக்கோசிஸ். பெரும்பாலும் பத்து வருடத்துக்குப் பிறகே வெளியே தெரியும். குணமாக்க மருந்தில்லை. வேலையை விட்ட பிறகும் நோய் முற்றும். இந்த நுரையீரலைக் காசநோயும் எளிதில் பற்றும். அதனால் ஆஸ்பத்திரியில் ‘டி.பி.’ன்னு மட்டும் எழுதி அனுப்பிடறாங்க. ‘குடிச்சே செத்தான்’னு ஊரு சொல்லுது. குவாரிக்காரர் பேரு எங்கேயும் வர்றதில்லை.

மருந்தில்லாத இந்த நோயைத் தடுக்க முடியும். முதல் வழி தண்ணீர். துளைக் கருவிக்குள்ளேயே தண்ணீர் விட்டால் தூசி சேறாகிக் கீழே இறங்கும். கிரஷர் வாயில் தெளிக்க வேண்டும், பெல்ட்டை மூட வேண்டும், தூசியைப் பெருக்காமல் நனைத்து அள்ள வேண்டும். முகத்தில் கட்டும் துண்டு இந்தப் பொடியை நிறுத்தாது. வெல்லம் கொடுப்பதும் பாதுகாப்பல்ல. வெல்லம் வயிற்றுக்குப் போகிறது, தூசி நுரையீரலுக்குப் போகிறது.

‘தண்ணி லாரிக்கு யாரு காசு குடுக்கறது?’ என்பார் முதலாளி. பழகின ஆளை நாற்பது வயதில் இழப்பதைவிட, இழப்பீடு கட்டுவதைவிட லாரித் தண்ணீர் மலிவு என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். அவர் மனசில் வேறு கணக்கு இருக்கும்: இவன் போனால் சேரியிலிருந்து இன்னொருத்தன் வருவான். அது சாதிக் கணக்கு. அதை உடைக்காமல் தண்ணீர் வராது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே சிலிக்கோசிஸ் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக இருந்தது. 2020இல் நிறைவேறிய தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் அதைப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆனால் குவாரியில் வேலை செய்ததற்கு நம்மாளிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. சீட்டு இல்லாதவன் இழப்பீட்டை எதைக் காட்டிக் கேட்பான்?

மாணவத் தோழர்களே, தெருத்தெருவாகப் போங்கள். யார், எந்தக் குவாரியில், எத்தனை வருடம், என்ன வேலை என்று எழுதுங்கள். டாக்டரிடம் போகிறவர் கையில் அதைக் கொடுத்தனுப்புங்கள். சங்கத் தோழர்களே, கூலி உயர்வு மனுவில் தண்ணீரையும், வருடாவருடம் முதலாளி செலவில் நெஞ்சுப் பரிசோதனையையும், பெயர்ப் பதிவேட்டையும் சேர்த்து எழுதுங்கள். கூலியை ஏற்றித் தந்துவிட்டு இந்த மூன்றையும் தள்ளிப் போடுகிற முதலாளியோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.